யாருடைய பாரம்பரியம், முருகேசா?

அன்புள்ள முருகேசா,

பேத்தி பிறந்த சேதி படித்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன், ரொம்ப சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். மகன் மட்டும் வேலை மாறி அட்லாண்டா போய்விட்டான்.

அப்புறம் அந்தக் கொடி விஷயம். அவரவர் முன்னோர் நினைவாகக் கொடி ஏற்றினால் உனக்கென்ன என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் வீட்டு வாசலில் கான்ஃபெடரேட் கொடி, அதாவது அமெரிக்காவைவிட்டுப் பிரிந்து போரிட்ட தென் மாநிலங்களின் கொடி, தொங்குகிறது: சிவப்புத் துணி, மூலைக்கு மூலை ஓடும் நீலப் பட்டை, அதில் வெள்ளை நட்சத்திரங்கள். வெயிலில் சிவப்பு வெளுத்தே போய்விட்டது. உள்நாட்டுப் போரில் செத்த முன்னோர் ஒருவரின் படத்தை எனக்குக் காட்டியிருக்கிறார், மீசைகூட சரியாக முளைக்காத பையன். அவனுக்காக அவர் வருந்துவதில் பொய்யில்லை. அவர் வீடு, அவர் வாசல். சட்டம் அதைத் தடுக்காது, தடுக்கவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன்.

எனக்குப் பொறுக்காதது அரசுக் கட்டடத்தில் அது பறந்ததுதான். போர் முடிந்தது 1865-ல். இங்கே தென் கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவில் சட்டமன்றக் கூரைமேல் கொடி ஏறியது 1961-ல்! போரின் நூற்றாண்டு விழா என்றார்கள், சரி, விழா முடிந்த பிறகு ஏன் இறக்கவில்லை? கறுப்பின மக்கள் பள்ளியிலும் உணவகத்திலும் சம உரிமை கேட்டுப் போராடிக்கொண்டிருந்த காலம் அது, அந்தச் சட்டமன்றத்தில் அன்றைக்கு ஒரு கறுப்பின உறுப்பினர்கூடக் கிடையாது. பக்கத்து ஜார்ஜியா இதே சின்னத்தை மாநிலக் கொடியில் சேர்த்ததும் 1956-ல், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி இரண்டே வருடத்தில். தாத்தாவின் நினைவு அவ்வளவு வருடம் கழித்து, அதுவும் அந்த நேரம் பார்த்தா வரும்?

மாநில உரிமைக்காகத்தான் போர் என்று சொல்பவர்கள் மிசிசிப்பி பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையைப் படிக்கட்டும். தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1860 கணக்கெடுப்புப்படி தென் கரோலினாவில் சுமார் 7 லட்சம் பேர், அதில் 4 லட்சம் பேர் அடிமைகள். பாதிக்கும் மேல்! அவர்கள் கதை இந்த மண்ணின் பாரம்பரியம் இல்லையா? பியூஃபோர்ட்டில் அடிமையாகப் பிறந்த ராபர்ட் ஸ்மால்ஸ், 1862 மே மாதம் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து கான்ஃபெடரேட் படையின் கப்பலையே ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு தப்பினார். கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, காவல் கோட்டைகளைத் தாண்டும்வரை அவர்கள் கொடியையே பறக்கவிட்டு, தாண்டியதும் அதை இறக்கிவிட்டு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினாராம். பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்படி ஒரு வீரனும் இந்த ஊர்க்காரன்தானே.

2015 ஜூனில் சார்ல்ஸ்டன் இம்மானுவேல் தேவாலயத்தில் வேதபாடம் படித்துக்கொண்டிருந்த 9 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். இந்தக் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியே வந்தன. கொலம்பியா சட்டமன்றத்தில் மற்ற கொடிகளெல்லாம் அரைக்கம்பத்தில் இறங்கின, இது மட்டும் முழு உயரத்தில் நின்றது; சட்டமன்ற அனுமதி இல்லாமல் யாரும் தொட முடியாதாம். 2000-லேயே கூரையிலிருந்து இறக்கி வளாகத்தில் தனிக் கம்பத்துக்கு மாற்றியிருந்தார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவரான கிளமென்டா பிங்க்னி மாநில செனட்டர். அவர் உடல் அந்தச் சட்டமன்றத்துக்குள்ளேயே அஞ்சலிக்கு வைக்கப்பட்டபோதும் வெளியே கொடி பறந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது, முருகேசா. ஜூலை 10-ம் தேதிதான் ஒருவழியாக இறக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருக்கட்டும், பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

இதற்கும் நீ மறுப்புச் சொல்வாய் என்று தெரியும். எழுது. பேத்தி படமும் அனுப்பு.

அன்புடன்,
செல்வம்