பட்டாளத்துப் பழைய கைத்துப்பாக்கி: காத்திருப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராணுவம் கழித்த பழைய ‘.45’ (0.45 அங்குலத் தோட்டா அளவு) கைத்துப்பாக்கிகள் அங்குள்ள பொதுமக்களுக்கு விற்கப்படுவது தெரியவந்ததிலிருந்து செட்டிநாட்டுக் குடும்பங்களில் ஒரு கேள்வி சுற்றி வருகிறது. டெக்சாஸிலோ நியூஜெர்சியிலோ குடியேறிய பிள்ளை ஒன்றை வாங்கி, காரைக்குடி வீட்டுப் பெட்டகத்தில் கொண்டுவந்து வைக்கலாமா என்பதே அது. வைக்க முடியாது. அங்கேயே வைத்துப் பேணுவதாக இருந்தால் முறைப்படி வாங்கலாம். அதற்குப் பொறுமையும் காகிதமும் வேண்டும். இங்கே நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பழைய துப்பாக்கிகளுக்கும் அதே இரண்டும்தான் வேண்டும். விவரம் தெரியாமல் பணத்தையும் பொருளையும் இழப்பவர்கள் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பேசப்படும் துப்பாக்கி, ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. 5 அங்குலக் குழல், 7 தோட்டா கொள்ளும் மேகசின் என்ற தோட்டாக் கூடு, ஏறத்தாழ 1.1 கிலோ எடை. 1920-களில் விசையைக் குட்டையாக்கி, பின்பக்கப் பிடியை வளைத்துச் சில திருத்தங்கள் செய்து ‘1911ஏ1’ என்றார்கள். 1945-க்குப் பிறகு ராணுவம் புதிதாக வாங்கவில்லை. இருந்தவற்றையே பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி, 1985-இல் பெரெட்டா என்ற வேறு கைத்துப்பாக்கி வரும்வரை ஓட்டினார்கள். மீதம் சுமார் ஒரு லட்சம் கிடங்கில் இருந்தன. அவற்றில் ஆண்டுக்கு 8,000-க்குக் குறையாமல், 10,000-க்கு மிகாமல் பொதுமக்களிடையே துப்பாக்கி சுடும் பயிற்சியை வளர்க்கும் ‘சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்’ என்ற அமைப்பிடம் கொடுக்கும்படி 2018-ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் இரண்டு ஆண்டுகளுக்கு உத்தரவிட்டது. வழக்கமான கடை வியாபாரம் அல்ல இது.

முதல் சுற்றில் 2018 செப்டம்பர் 4 முதல் அக்டோபர் 4 வரை தபால் முத்திரை விழுந்த உறைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சுமார் 19,000 விண்ணப்பங்கள் குவிந்தன. முந்திப் போட்டவருக்கு முதலிடம் கிடையாது. ஒவ்வொரு உறைக்கும் குலுக்கல் முறையில் ஓர் எண். அந்த வரிசைப்படி தொலைபேசியில் அழைத்து, அந்த நேரத்தில் எந்தத் தரம் மிச்சமிருக்கிறதோ அதில் கேட்கச் சொன்னார்கள். அப்போது சர்வீஸ் தரம் 1,050 டாலர், அதைவிடத் தேய்ந்த ஃபீல்டு தரம் 950, இன்னும் தேய்ந்த ரேக் தரம் 850. தரத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம், எந்த ஆலையில் செய்தது என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆளுக்கு ஒன்றுதான். இரண்டு உறை அனுப்பினால் வாய்ப்பு கூடும் என்று கணக்குப் போட்டவர்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள். அதன்பின் வந்த சுற்றுகளுக்குத் தனித் தேதிகள் வந்தன. ஆகவே பழைய படிவத்தை வைத்துக்கொண்டு அனுப்பாமல் அந்தந்தச் சுற்றின் அறிவிப்பைப் பார்த்தே எழுத வேண்டும்.

நம் பிள்ளைகளில் பலர் இடறுவது தகுதியில். அந்த அமைப்பு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே விற்கிறது. கிரீன் கார்டு போதாது. எச்1பி விசாவில் இருப்பவருக்கோ துப்பாக்கி வைத்திருப்பதே அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை; வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ‘நண்பர் பெயரில் வாங்கி வைத்துக்கொள்கிறேன்’ என்பது அங்கே பெருங்குற்றம். குடியுரிமை பெற்றவரும் அதற்கான சான்று, அமைப்போடு இணைந்த சங்கம் ஒன்றின் உறுப்பினர் அட்டை, துப்பாக்கி சுடும் பயிற்சியில் கலந்துகொண்டதற்கான சான்று, நோட்டரி முன் போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே உறையில் வைக்க வேண்டும். பின்னணிச் சோதனை இருமுறை நடக்கும்: அமைப்பு ஒருமுறை, பொருளைக் கையில் தரும் உள்ளூர் டீலர் ஒருமுறை. பழந்துப்பாக்கி சேகரிப்போருக்கென்று 30 டாலரில் மூன்றாண்டு லைசென்ஸ் ஒன்று உண்டு. அதைக் காட்டினால் வீட்டுக்கே வரும் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவார்கள். இந்த விற்பனைக்கு அது செல்லாது, டீலர் வழியாகவே வரும்.

காத்திருக்கும் மாதங்களில் படிக்க வேண்டியது முத்திரைகளை. சட்டகத்தில் (பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதி) ஓர் ஆலையின் பெயர், மேலே ஓடும் ஸ்லைடில் இன்னோர் ஆலையின் பெயர் இருந்தால் ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். ராணுவப் பணிமனைகள் நூற்றுக்கணக்கில் பிரித்துக் கொட்டி மறுபடி பூட்டியவை இவை, கலப்புதான் இயல்பு. வரிசை எண் சட்டகத்தில்தான் இருக்கும். எண்ணைக் கொண்டு ஆலையையும் ஆண்டையும் அறியலாம். அரசு ஆய்வாளரின் பெயரெழுத்து அதோடு ஒத்துப்போக வேண்டும்: ரெமிங்டன் ரேண்டு, இதாகா ஆலைகளுடையது என்றால் எஃப்.ஜே.ஏ., போர்க்காலக் கோல்ட் ஆலை என்றால் ஜி.எச்.டி., யூனியன் சுவிட்ச் என்றால் ஆர்.சி.டி. தையல் இயந்திரத்துக்குப் பேர்போன சிங்கர் கம்பெனி செய்தது 500 மட்டுமே. அதற்கு ஆசைப்பட்டு யாரும் விண்ணப்பிக்க வேண்டாம். அந்தப் பெயரைப் போலியாக வெட்டியவை சந்தையில் உண்டு.

பொருள் கைக்கு வந்ததும் சேகரிப்பாளர் செய்யும் முதல் தவறு, சாம்பல் நிற மேற்பூச்சு தேய்ந்திருப்பதைப் பார்த்துப் புதிதாகப் பூசுவது. பூசியதுமே அது சேகரிப்புப் பொருள் என்ற மதிப்பை இழந்துவிடுகிறது. துருக்குழிகளை அப்படியே விட்டு, செந்துருவை மட்டும் எண்ணெய் தொட்ட மெல்லிய வெண்கலக் கம்பிப் பஞ்சால் எடுத்தால் போதும். தோட்டா ஏறாமல் சிக்கினால் துப்பாக்கியைக் குற்றம் சொல்லுமுன் மேகசினைப் பாருங்கள். அதன் மேல்வாய் விரிந்திருப்பதே பெரும்பாலும் காரணம். ஸ்லைடு பின்வாங்கும் விசையைத் தாங்கும் ஸ்பிரிங்கான பின்தள்ளு சுருளைப் பழையதாகவே விட்டால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் சட்டகத்தில் மோதும். 16 பவுண்டு புதுச் சுருள் மாற்றி, பழையதை எறியாமல் உறையிலிட்டு எண் எழுதி வைக்க வேண்டும். முதல் உலகப்போர்க் கால ஸ்லைடுகளின் இரும்பு மென்மையானது, விரிசல் விடும். அவற்றைச் சுடாமல் வைத்திருப்பதே நல்லது.

அமெரிக்காவை விட்டுத் துப்பாக்கியை வெளியே அனுப்ப அந்நாட்டு ஏற்றுமதி அனுமதி வேண்டும். இந்தியாவிலோ 1980-களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி நடைமுறையில் நின்றுபோய், பெயர்பெற்ற சுடுதல் வீரர்கள் போன்ற சிலருக்கே வழி இருக்கிறது. பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் பறிமுதலோடு ஆயுதச் சட்ட வழக்கும் வரும். துப்பாக்கிகூட வேண்டாம்: சுடுதளத்துக்குக் கொண்டுபோன பையின் ஓரத்தில் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டா போதும், திருச்சி விமான நிலையத்திலோ மதுரையிலோ பயணம் நின்றுவிடும். சேகரிக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அந்தப் பையைத் தொடாமல் வேறு பையில் வரட்டும்.

இனி இங்கே உள்ளவற்றுக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். ரங்கூன், மலேயா, கொழும்பு என்று கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன காலத்துப் பொருள்களோடு, லைசென்ஸ் பெற்ற ரிவால்வரும் இரட்டைக் குழல் துப்பாக்கியும் சில வீடுகளில் தலைமுறையாக வருகின்றன. பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய வெப்லி ரிவால்வராக இருந்தால் முதலில் அம்பு முத்திரையைத் தேடுங்கள். ஒற்றை அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதன் அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், ராணுவம் முறைப்படி கழித்து விற்றது என்று பொருள். அந்த முத்திரையே அதன் பிறப்புச் சான்றிதழ். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும் பித்தளையும் இரும்பும் பளபளப்பாக்கப்படுகிற பழக்கத்தில் இதையும் புளி போட்டோ சக்கரத்தில் கொடுத்தோ தேய்த்தால் முத்திரை போய்விடும். அதன்பிறகு எந்த நிபுணராலும் வரலாறு சொல்ல முடியாது. தேங்காய் எண்ணெய் பூசுவதும் கூடாது; நாள்பட்டால் கெட்டுப்போகும். தோலுறைக்குள்ளேயே போட்டு வைப்பது அதைவிடக் கேடு, பதனிட்ட தோலின் அமிலமும் ஈரமும் ஒரே மழைக்காலத்தில் இரும்பைக் கடிக்கும். உறை தனியாக, துப்பாக்கி தனியாக, துப்பாக்கி எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் இருக்கட்டும்.

ஐயா (தாத்தா) பெயரில் லைசென்ஸ், ஐயா காலமாகிவிட்டார், அப்பச்சி (அப்பா) அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. பல வீடுகளின் நிலை இது. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு வீட்டில் வைத்திருக்க யாருக்கும் உரிமையில்லை. ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் வாட்ச்மேன் பொறுப்பில் விட்டுவிட்டுச் சென்னையில் இருப்பதும் குற்றமே, அவர் பெயர் லைசென்ஸில் ரிடெய்னராக (உரிமையாளருக்காக ஆயுதத்தை வைத்திருக்க அனுமதி பெற்றவராக) ஏறியிருந்தாலொழிய. 2019 திருத்தத்துக்குப் பிறகு, தடைசெய்யப்பட்ட வகையில் சேராத துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை.

ஒப்படைத்தபின் வாரிசு ஏ-1 படிவத்தில் கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய லைசென்ஸ், பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைப் பத்திரம் வேண்டும். கடைசியில் சொன்னதுதான் வருடக்கணக்கில் இழுக்கும். பங்காளிகள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்து மகள்களை விட்டுவிடுகிறார்கள். வாரிசுச் சான்றில் பெயர் உள்ள எல்லோரும் போட வேண்டும். சிங்கப்பூரில், அமெரிக்காவில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பட்டும். வெறும் கையெழுத்துத் தாள் திரும்பி வரும். லைசென்ஸ்தாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயதாகியிருந்தாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு மாற்ற 2016 விதிகள் இடம் தருகின்றன. இதுதான் ஆகச் சுலபமான வழி, ஆனால் இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்பது வாரிசுச் சொத்துக்கும் பொருந்தும். 9 மி.மீ., .38, .455 போன்ற ராணுவ அளவுகள் தடைசெய்யப்பட்ட வகையில் வருவதால் அவற்றுக்கு மத்திய உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டியிருக்கும்.

அரிய பழம்பொருள் வகையில் சேரும் துப்பாக்கியை வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை என்று 2020-இல் விதி திருத்தப்பட்டது உண்மை. சுடவோ எடுத்துச் செல்லவோ அப்போதும் லைசென்ஸ் வேண்டும். எனவே ‘பழசுதானே’ என்று காரில் வைத்துத் தேவகோட்டையிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோவது தவறு. அது அந்த வகைதானா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொண்டுதான் வீட்டில் வைக்க வேண்டும்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர்களிடம் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்க விரும்புவது இது. தேர்தலுக்காகவோ வாரிசு விவகாரத்துக்காகவோ துப்பாக்கி ஒப்படைக்கப்படும்போது ரசீதில் ‘ரிவால்வர் ஒன்று’ என்று மட்டும் எழுதுகிறார்கள். ஆலைப் பெயர், வரிசை எண், முத்திரைகள், இருக்கும் துரு எல்லாம் இருபுறப் புகைப்படத்தோடு பதிவாகட்டும். எண்ணெய் தடவி, உறை நீக்கி வாங்கட்டும். மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்து துருவேறித் திரும்புவது அதனால் பெருமளவு குறையும். யாரும் உரிமை கோராமல் அரசுடைமையாகும் பழந்துப்பாக்கிகளை அழிக்கும் முன் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஒருமுறை பார்க்கட்டும். ஒப்படைப்பவர்மீது சந்தேகப்பட்டு விசாரணைக்கு இழுக்கும் பயம் இருக்கிறவரை மக்கள் ஊருணியில் போடத்தான் நினைப்பார்கள். தானாக முன்வந்து கொடுப்பவருக்கு என்ன நடைமுறை என்பதை ஒரு பக்கத்தில், தமிழில், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒட்டி வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழம்பொருள் சேகரிப்பாளர் ஒருவர்,
காரைக்குடி.