8-வது நகர்வைக் கவனிக்க வேண்டாமா?

ஆசிரியருக்கு,

தங்கள் நாளிதழின் செஸ் பகுதியில், இரு குதிரைத் தற்காப்பு என்ற தொடக்க முறையில் ஆடப்பட்ட அமெச்சூர் ஆட்டம் ஒன்று விளக்கத்துடன் வந்திருந்தது. கறுப்பின் 5-வது நகர்வுக்கு பெரும் பிழை என்று காட்டும் இரண்டு கேள்விக்குறி போட்டு, யாருக்குச் சாதகம் என்று எண்ணால் சொல்லும் கம்ப்யூட்டர் மதிப்பீட்டையும் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் ஆட்டத்தில் வென்றது கறுப்பு. எப்படி வென்றது என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்கு வந்ததும் கறுப்பு டி5-க்குச் சிப்பாயைத் தள்ளியது சரியே. வெள்ளை அதை வெட்ட, குதிரையால் திருப்பி வெட்டியதில்தான் வம்பு தொடங்கியது. எஃப்7-இல் வெள்ளை ஒரு குதிரையைக் கொடுத்து ராஜாவை வெளியே இழுக்கிறது. பிறகு எஃப்3-க்கு வரும் ராணி செக் வைத்து, டி5 குதிரையையும் சேர்த்துத் தாக்குகிறது. குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு நடக்கிறது. இதுவரை எல்லாம் பழைய பாடம்தான்.

8-வது நகர்வில் வெள்ளை அவசரப்பட்டு பிஷப்பால் டி5 குதிரையை வெட்டியது. பிஷப்பைக் கறுப்பு ராணி வெட்ட, அதை வெள்ளை ராணி வெட்ட, கடைசியில் ராஜா வெட்டியது. எஃப்7-இலிருந்து கணக்குப் போட்டால் வெள்ளை கொடுத்தது குதிரை, பிஷப், ராணி. வாங்கியது குதிரை, ராணி, ஒரு சிப்பாய். ராணிகள் போய்விட்டதால் நடுப்பலகை ராஜாவுக்கும் பெரிய ஆபத்தில்லை.

டி5 குதிரை எங்கே ஓடிவிடும்? அது நகர்ந்தால் சி4-இல் உள்ள வெள்ளைப் பிஷப்பின் வழியில் கறுப்பு ராஜா நிற்கும். அதனால் 8-வது நகர்வில் அதை வெட்டாமல், வெள்ளை தன் பி1 குதிரையை சி3-க்குக் கொண்டுவந்தால் தாக்குபவை மூன்று. காப்பவை ராணியும் ராஜாவும் மட்டும். கறுப்பு இன்னொரு குதிரையை பி4-க்கோ இ7-க்கோ கொண்டுவந்து காத்தாக வேண்டும். அதன்பின் வெள்ளை காஸ்லிங் செய்து (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி), டி4-க்குச் சிப்பாயைத் தள்ளி, நடுவைத் திறக்கலாம்.

கறுப்புக்கும் 5-வது நகர்வில் நல்ல மாற்று உண்டு: சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குவது. பி5-இல் பிஷப் செக் வைக்க, சி6-இல் சிப்பாய்கள் வெட்டுப்பட்டு, கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறையும். முதலில் பிஷப், பிறகு கறுப்புச் சிப்பாய்களின் எச்6, இ4 நகர்வுகளால் குதிரை என்று வெள்ளை பின்வாங்கும் நேரத்தில் கறுப்பின் காய்கள் வெளியே வந்துவிடும். சிப்பாய் குறைந்த கையோடு ராணிகளை மாற்றிக்கொள்வது அமெச்சூர்களின் வழக்கமான பிசகு.

கம்ப்யூட்டர் ‘வெள்ளைக்குச் சாதகம்’ என்றால், அடுத்து வரும் நகர்வுகளையும் பிசகாமல் ஆடினால்தான் அந்தச் சாதகம் நிலைக்கும். ஆகவே இனி வெளியிடும் ஆட்டங்களில், திருப்பமான இடத்தில் ஆட்டக்காரர் யோசித்த மற்ற நகர்வுகளையும், அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நிமிடங்களையும் முதலில் கேட்டு அச்சிடுங்கள். கம்ப்யூட்டரின் எண்ணை அதற்குக் கீழே போடலாம்.

இப்படிக்கு,
செஸ் பயிற்றுநர் ஒருவர்