எங்கள் பெயரை எங்கள் தோட்டத்திலேயே திருத்தித் தாருங்கள்

மலையக மக்களின் வாக்குகளால் நாடாளுமன்றம் சென்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் புறப்பட்டு பதினோரு மாதமாகிறது. இன்னும் கைக்கு வரவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. எங்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இரண்டு நாடும் பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்த காலத்தில் பெரியம்மாவின் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள், அப்பாவின் வீட்டார் இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தார்கள். எழுபதுகளில் பெரியம்மா தலைமன்னாரில் கப்பலேறினார். கோத்தகிரிப் பக்கம் போய் அங்கேயும் தேயிலைக் கொழுந்துதான் பறித்தார். இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. வாட்ஸப்பில் அம்மாவின் முகம் தெரிவதில்லை, குரலை வைத்துத்தான் பேசுகிறார். "ஒரு தடவ வந்து கையப் புடிச்சிட்டுப் போடி" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விட்ட செய்தியைக் கேட்டதும் அம்மா அன்றைக்கே சேலை எடுத்து வைத்தார்.

ஆனால் அம்மாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, கலியாணப் பதிவில் மூன்றாவது மாதிரி. ஓர் அலுவலகத்தில், பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார்கள். திருத்தப் போன இடத்தில், அடையாள அட்டையில் இருப்பதுபோல மாற்ற வேறு ஆதாரம் வேண்டும் என்றார்கள். அந்த ஆதாரத்துக்குப் போன இடத்தில் இருந்த படிவம் முழுக்கச் சிங்களத்தில். அம்மாவைக் கூட்டிப்போகும் ஒவ்வொரு நாளும் தம்பிக்குத் தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. ஒருவரையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவரவர் தன் மேசையில் இருந்த விதியைத்தான் சொன்னார்கள். ஆனால் மூன்று மேசையையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். பெயரைச் சொன்னவர் எழுத்தறியாத தாய் அல்லது தகப்பன். எழுதியவர் தோட்டத்து கிளார்க்கரோ பதிவாளரோ. சிங்களத்தில் 'ழ' கிடையாது, அதனால் பழனியம்மா பலனியம்மா ஆகிவிடுவார். அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றுவார். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஒரு லெட்சுமி இருப்பார். ஆங்கிலத்தில் அவருடைய பெயரின் இரண்டாவது எழுத்து ஒரு தாளில் 'E', இன்னொரு தாளில் 'A'. தகப்பன் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் எழுதியவர் கையில். பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும்போது அத்தனையும் சேர்ந்து "இவர் வேறு ஆள்" என்று ஆகிவிடுகிறது. பதினைந்து வயதான பிள்ளைகளுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும்போது இதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தகப்பன் பெயர் வேறு வேறு.

காகிதம் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்கில்தான் அக்கா அங்கே, தங்கை இங்கே. இங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. அம்மாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இன்றும் பிஸ்கட் டின்னில், பொலித்தீன் உறைக்குள் இருக்கிறது. மழை பலத்தால் அவர் முதலில் தூக்குவது அந்த டின்னைத்தான். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. அப்படித் தங்கள் காம்பராவோடு, அந்த லயத்து அறையோடு, காகிதங்களையும் இழந்தவர்கள் எந்த மேசையிலிருந்து தொடங்குவார்கள்?

இந்தியர் ஒருவர் வாக்காளர் அட்டையைக் காட்டி நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் போய்வரலாம். அந்த மாதிரி ஏற்பாடு எங்களுக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாஸ்போர்ட், விசா எல்லாம் இருக்கட்டும். அதற்குக் கேட்கும் காகிதத்தை ஒரு வயதான மனுஷி உயிரோடு இருக்கும்போதே எடுக்க வழி செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நடமாடும் சேவை நம் நாட்டுக்குப் புதியதல்ல. ஆனால் வார நாளில் நகரத்து மண்டபத்தில் வைத்தால் தோட்டத்து ஆள் எப்படி வருவார்? ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பாடசாலை மண்டபத்திலோ, வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்திலோ பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றையும் பார்க்கும் அதிகாரிகளை ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார வையுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களாக அனுப்புங்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. அப்புறம், எழுத்துப் பிழை மட்டும் உள்ளவர்களுக்கு ஒரு சமாதான நீதவான் முன் கொடுக்கும் சத்தியக் கடதாசியையும் கிராம உத்தியோகத்தரின் உறுதியையும் எல்லா மேசைகளும் ஏற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வாங்கித் தாருங்கள். நாடாளுமன்றத்தில் நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் இதைச் சேர்ந்து கேட்கலாம்.

நீங்கள் நாள் குறித்தால் படிவம் நிரப்ப நானும் எங்கள் பாடசாலையின் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் வருகிறோம். மூன்று மொழியிலும் எழுதுவோம். கார்பன் தாளும் பேனாவும் நாங்களே கொண்டுவருவோம்.

நம்பிக்கையோடு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் ஆசிரியை