ஏசி வாங்கும்போது ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் அம்மாவின் அறைக்கு ஏசி பார்க்கத் திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன். மேல்மாடி வீடு, ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டாலும் சுடுகிறது, வேறு வழியில்லை. அங்கே இருந்த தம்பி "3 ஸ்டாரே போதும் சார்" என்று அதையே பில் போடப் பார்த்தார். மின்சாரம் குறைவாக இழுக்கும் ஏசிக்குக் கூடுதல் ஸ்டார் காட்டுவதுதான் ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிள், அதைப் படிக்க முடியாதபடி எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் அட்டை தொங்கியது. அதைத் தூக்கிப் பார்த்தால், ஒன்றரை டன் 3 ஸ்டாருக்கு வருடத்துக்கு 965 யூனிட், பக்கத்தில் இருந்த 5 ஸ்டாருக்கு 750. அதுவும் வருடத்தில் 1600 மணி நேரம் ஓடினால் வரும் கணக்கு, நம் ஊர் வெயிலுக்கு அதைவிடக் கூடுதலாகவே ஓடும்.

இந்த வித்தியாசம் சின்னது இல்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரைக்கும் இருந்த குறைந்த விலையும் சேர்ந்து போய்விடுகிறது. கோடையில் எங்கள் வீட்டுக் கணக்கு 500ஐ ஒட்டித்தான் நிற்கும், அதனால் ஒவ்வொரு யூனிட்டும் எனக்கு முக்கியம். அப்புறம், லேபிளில் போட்டிருக்கும் வருடத்தையும் பாருங்கள். 2022 ஜூலையில் அளவுகோலை உயர்த்தியபோது அதுவரை 5 ஸ்டாராக இருந்த ஏசிகள் 4 ஸ்டார் ஆயின. சீலிங் ஃபேனிலும் யூனிட்டை மிச்சம் பிடிக்கலாம், பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட்டில் ஓடுகிறது.

கடை வாசலில் "அரசு சலுகை" என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். விசாரித்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது எந்தக் கடையில் வாங்கினாலும் கிடைப்பது.

உண்மையில் கையில் வரும் அரசுப் பணம் மொட்டைமாடி சோலாருக்கு இருக்கிறது. மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய். திட்டத்தின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், பதிவு பெற்ற நிறுவனத்தை வைத்து பேனல் போட்டு, நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் வந்த பிறகு மானியம் நேராக நம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் எங்கள் தெருவுக்கு வந்த ஒரு ஏஜென்ட், மானியம் வாங்கித்தர மட்டும் தனியாக 5,000 ரூபாய் கேட்டார், இரண்டு வீட்டில் கொடுத்தும் விட்டார்கள். வயதானவர்கள், பாவம், அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மின் கட்டணத்துக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வாரியம், மானியத்துக்குத் தரகர் தேவையில்லை என்று அதிலேயே ஒரு வரி சேர்க்கலாம். ஏசி லேபிளை எப்படிப் படிப்பது என்று நீங்களும் கோடை முடிவதற்குள் படத்தோடு ஒரு அரைப் பக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி