ஒற்றைக் கார்களுக்கு ஊரும் பேரும் கண்டுபிடிக்க உதவியவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

எண்பதுகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் கட்டப்பட்ட மாதிரிக் கார்களையும், வாடிக்கையாளர் கேட்டபடி பட்டறைகள் உருமாற்றிய கார்களையும் அடையாளம் காணும் எங்கள் பட்டியலை இன்று நம்பிப் புரட்ட முடிகிறதென்றால், நீங்கள் அனுப்பிய கிட்டத்துப் படங்கள்தான் காரணம். பளபளவென்ற முழுக்கார் படம் எங்கும் கிடைக்கும். டெயில் லைட்டின் மூலையில் இருக்கும் பொடி எழுத்தைக் குனிந்து படமெடுக்க அக்கறை வேண்டும்.

லைட், கைப்பிடி என்று துண்டு துண்டாகப் பார்த்துச் சொன்னவர்களுக்கு முதல் நன்றி. சின்ன பட்டறைகளுக்கு லைட்டுக்கென்று தனி அச்சு செய்வது கட்டுப்படியாகாது. வேறு காரிலிருந்து எடுத்துப் பொருத்துவார்கள். லோட்டஸ் நிறுவனமே 1987 எஸ்ப்ரிட்டுக்கு டொயோட்டா கொரோலா ஏஇ86-இன் டெயில் லைட்டைத்தான் போட்டது. முந்தைய எஸ்ப்ரிட்டின் கதவுக் கைப்பிடி மோரிஸ் மரீனாவுடையது. இப்படி ஒரு லைட் எந்தக் காருடையது என்று தெரிந்தால், அது சந்தைக்கு வந்த வருஷத்துக்கு முன்னால் அதைப் பொருத்திய கார் அதே உருவில் இருந்திருக்க முடியாது என்பதும் தெரியும். லைட்டின் மேல் வட்டத்துக்குள் 'ஈ1' என்று இருந்தால் அந்த உதிரிக்கு ஜெர்மனி ஒப்புதல் தந்தது என்று மட்டுமே பொருள். ஈ2 பிரான்ஸ், ஈ3 இத்தாலி, ஈ11 பிரிட்டன். கார் எங்கே கட்டப்பட்டது என்பதற்கு அது சாட்சியாகாது. இந்த ஒரு குழப்பத்தால் தவறான நாட்டின் கீழ் போன கார்கள் நிறைய.

கண்ணாடியின் மூலையில் பதிந்திருக்கும் தயாரிப்புக் குறிகளை அனுப்பியவர்கள் எல்லாக் கண்ணாடிகளையும் எடுத்தது பெரிய உதவி. முன் கண்ணாடி கல்பட்டு உடைந்து மாற்றப்பட்டிருக்கும். பின்பக்கச் சிறு கண்ணாடி அவ்வளவு எளிதில் உடையாது. அதன் குறிதான் பெரும்பாலும் பழையது.

வீல் போல்ட்டுகளை அளந்து சொன்னவர்களுக்கும் நன்றி. ஐந்து துளை வீலில் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத் தூரத்தை 1.701-ஆல் பெருக்கினால், ஐந்து துளைகளின் மையம் வழியே போகும் வட்டத்தின் விட்டம் வரும். அதை வைத்து அடியில் இருப்பது யாருடைய கார் என்று ஊகிக்கலாம். 65.8 மி.மீ. என்றால் 112, மெர்சிடிஸ் வழக்கம், 70.5 என்றால் 120, பிஎம்டபிள்யூ, 76.4 என்றால் 130, போர்ஷே. வேறு காரின் வீலைப் பொருத்துவதற்காக இடையில் அடாப்டர் தட்டு போட்டிருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். அதனால் வீலைக் கழற்றி, அது பொருந்தும் ஹப்பில் அளந்து அனுப்பியவர்களின் அளவையே பட்டியலில் ஏற்றினோம்.

அதிகச் சிக்கல் தந்தவை, மெர்சிடிஸின் இரண்டு கதவுக் காரான 500 எஸ்இசி கூபேயை அறுத்து, மேல்நோக்கித் திறக்கும் இறக்கைக் கதவு வைத்த கார்கள்தான். ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் இருந்த ஸ்டைலிங் கராஜ் என்ற பட்டறை இதில் பேர் பெற்றது. ஆனால் பேட்ஜை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சேசிஸ் நம்பரும் அடிப்படைக் காரை மட்டுமே சொல்லும்: ஐரோப்பியக் கார் என்றால் டபிள்யூடிபி 126044 என்று தொடங்கும், அடுத்த இலக்கம் 1 என்றால் இடப்பக்க ஸ்டீயரிங், 2 என்றால் வலப்பக்கம். டபிள்யூடிபிசிஏ என்று தொடங்கினால் அமெரிக்காவுக்காகச் செய்தது. ரேடியேட்டருக்கு மேலே உள்ள தகட்டில் பெயின்ட் எண் இருக்கும், 040 கறுப்பு. இன்று முத்து வெள்ளையில் நிற்கும் காரின் தகட்டில் 040 இருந்தால், கதவோரத்திலும் டிக்கி விரிப்புக்கு அடியிலும் கறுப்பு எட்டிப் பார்க்கிறதா என்று தேட வேண்டும். உள் அலங்காரத்தைக் கழற்றி, கூரையின் வெல்டிங் கோட்டையும் பழைய கதவுக் கீல் இருந்த இடத்தையும் காட்டிய உரிமையாளர்களுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். எந்தப் பட்டறையின் கைவேலை என்று ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

மங்கிய எண்ணைப் படிக்க உப்புத்தாள் போடாமல், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, டால்கம் பவுடர் தடவிப் படமெடுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. தேய்த்த எண் திரும்ப வராது.

தேதியிட்ட பழைய படங்களைத் தந்தவர்களால் இரட்டைப் பதிவுகள் நீங்கின. 1980-இல் அறிமுகமான ஆஸ்டன் மார்ட்டின் புல்டாக் ஒரே ஒரு கார்தான். முதலில் வெள்ளிச் சாம்பல், பின்னாளில் பச்சை. நிறத்தை மட்டும் பார்த்தால் இரண்டு என்றே தோன்றும்.

படம் தந்தவர்கள் தங்கள் பெயர் பட்டியலில் வர விரும்பினால் சொல்லுங்கள், அந்தந்தக் காரின் கீழேயே போடுகிறோம். சேசிஸ் நம்பரின் கடைசி நான்கு இலக்கங்களும் நம்பர் பிளேட்டும் எப்போதும் மறைத்தே வெளியிடப்படும்.

அன்புடன்,
பட்டியல் குழுவினர்