பத்து விழுக்காடு என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சென்ற மாதம் என் பேத்தியைப் பார்ப்பதற்காக அவள் படிக்கும் கல்லூரிக்குப் போயிருந்தேன். நூலகத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையின் கண்ணாடியில், 'எந்த நூலிலிருந்தும் 10 விழுக்காட்டுக்கு மேல் நகலெடுப்பது பதிப்புரிமைச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்' என்று முதல்வரின் முத்திரையோடு ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நான் அங்கே நின்ற பத்து நிமிடத்துக்குள் பொருளியல் மாணவி ஒருத்தி வந்து, 240 பக்க நூல் ஒன்றில் 31 பக்கம் ஓடும் ஓர் இயலை நகலெடுத்துத் தரச் சொன்னாள். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, 24 பக்கம்தான் எடுக்கலாம் என்று கையை விரித்துவிட்டார். மீதி ஏழு பக்கத்தையும் அவள் கடை வாசலிலேயே நின்று செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனாள். அதை யாரும் தடுக்கவில்லை.

கல்லூரிப் பாடத்துக்காக நகலெடுப்பதற்கு இப்படியொரு விழுக்காட்டு வரம்பு நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. இரண்டு இடங்களிலிருந்து வந்து இது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். வகுப்புக்கென்று பல படிகள் எடுப்பதானால் உரைநடை நூல் ஒன்றில் 1,000 சொற்கள் அல்லது 10 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதுவே அளவு என்று அமெரிக்காவில் 1976இல் பதிப்பாளர்களும் கல்வியாளர்களும் பேசி வகுத்துக்கொண்ட வழிகாட்டு நெறி ஒன்று உண்டு. அந்நாட்டிலேயே அது சட்டமன்று. இன்னொன்று, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்று அவை சொல்கின்றன. இது கருத்துத் திருட்டைப் பற்றிய விதி. நகலெடுப்பதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கருத்துத் திருட்டும் பதிப்புரிமை மீறலும் ஒன்றேதான் என்று பேராசிரியர்கள் பலரே எண்ணிக்கொண்டிருப்பதை என் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்ற கணக்கில், அவர் வாழ்ந்த காலத்தில் வெளியிட்ட நூல்களின் பதிப்புரிமை 2002ஆம் ஆண்டு முடிவோடு தீர்ந்துவிட்டது. அவற்றை இன்று யாரும் அச்சிடலாம், விற்கலாம். ஆனால் அவருடைய முன்னுரையில் இரண்டு பத்தியை எடுத்துத் தன் ஆய்வேட்டில் தன் எழுத்தாகக் காட்டுபவர் திருடர்தான். இதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: குறுந்தொகைப் பாடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் இன்று நம்மிடையே வாழும் ஒருவர் அதற்கு எழுதிய உரைக்கு உரிமை உண்டு. அந்த உரை முழுவதையும் பிடிஎஃப் ஆக்கி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, கீழே அவர் பெயரைப் போட்டுவிட்டேனே என்று சொல்வது செல்லாது.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது? அதன் 52ஆம் பிரிவு, உரிமை மீறலாகக் கருதப்படாத செயல்களை வரிசையாகச் சொல்கிறது. ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கும், திறனாய்வுக்கும் நியாயமான அளவில் ஒரு படைப்பைக் கையாளலாம் என்பது அதில் ஒன்று. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பைப் படியெடுப்பதும், வினாத்தாளிலும் விடைத்தாளிலும் எடுத்தாள்வதும் அதில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கின்றன.

இதன் பொருள் என்ன என்பது டெல்லிப் பல்கலைக்கழக வழக்கில் அலசி ஆராயப்பட்டுவிட்டது. டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்ற சிறு நகலகம், பேராசிரியர்கள் பரிந்துரைத்த இயல்களைத் தொகுத்துக் கட்டி மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பெரும் பதிப்பகங்கள் 2012இல் அந்தக் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. பதிப்புரிமை தெய்வீகமாகவோ இயற்கையாகவோ வந்த உரிமை அன்று என்று சொல்லி, 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளினார். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டைக் கேட்ட இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தல் என்பது வகுப்பறையோடு முடிவதில்லை, பாடத்துக்கு எவ்வளவு தேவையோ அதுவே அளவுகோல் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டது. தொகுத்தவை உண்மையிலேயே பாடத்துக்குத் தேவைப்பட்டனவா, நூல் முழுவதையும் நகலெடுக்கலாமா என்னும் கேள்விகளை மட்டும் விசாரணைக்கு அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஆகவே, பாடத்துக்குத் தேவையான ஓர் இயலை, அது 24 பக்கமானாலும் 31 பக்கமானாலும், படியெடுக்கும் மாணவி குற்றவாளி அல்லள். முழு நூலையும் ஸ்பைரல் பைண்டிங் செய்து அடுக்கி வைத்து விற்பதற்கு இந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிப்பதும் சரியன்று. 300 படி அச்சிட்டு, அதை விற்றெடுக்க மூன்று ஆண்டு காத்திருக்கும் சிறிய தமிழ்ப் பதிப்பாளரின் நூல் பாடமாக வைக்கப்படும் அதே மாதத்தில், அதன் பிடிஎஃப் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. சில இடங்களில் அதை அனுப்புபவர் பாடம் நடத்தும் ஆசிரியராகவே இருக்கிறார் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். நூலகத்துக்குப் பத்துப் படிகள் வாங்கச் சொல்லியிருக்கலாமே அவர்!

என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது வேறொரு செய்தி. அதே கல்லூரியில் பார்வைத்திறன் குறைந்த மாணவர் ஒருவர், கணினி படித்துக் காட்டும் வகையில் தம் பாடநூல் ஒன்றை முழுதாக ஸ்கேன் செய்து தரக் கேட்டதற்கு, அந்த 10 விழுக்காட்டையே காட்டி மறுத்திருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கென்றே 52ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் ஒரு படைப்பை மாற்றித் தர யாருக்கும் உரிமை உண்டு. இலாபம் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். பார்வையற்றோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு நம்முடையது. அப்படிப்பட்ட நாட்டின் கல்லூரியில் ஒரு மாணவர் தம் நண்பர்களைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுத் தேர்வு எழுதியிருக்கிறார்.

கல்லூரிகள் இத்தகைய அறிவிப்புகளை எடுத்துவிட்டு, 52ஆம் பிரிவில் கல்வி தொடர்பான பகுதிகளை எளிய தமிழில் எழுதி நூலகத்திலும் நகலகத்திலும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வராது. முதல்வரைச் சந்தித்து இதைச் சொன்னேன். அன்பாகவே கேட்டுக்கொண்டார், ஆனால் அறிவிப்பு ஏதோ சுற்றறிக்கையின்படி ஒட்டப்பட்டது என்றார். அந்தச் சுற்றறிக்கையின் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். தேடிப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
கும்பகோணம்.