கடகேஸில் வாடைக் காற்று பிடித்த மூன்று நாள்

பார்சலோனா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் அவசரமாகப் பேசி வைத்துவிட்டேன். கடலுக்குப் போய் வந்ததை நிதானமாகச் சொல்ல ஆசை, அதனால்தான் கடிதம்.

கூட வேலை பார்ப்பவரிடம் ஒன்பது மீட்டர் பாய்ப்படகு இருக்கிறது. "தூத்துக்குடித் தோணித் தண்டல் மகன்தானே, வா" என்று கூப்பிட்டார். ரோசஸ் துறைமுகத்திலிருந்து காலையில் கிளம்பினோம். தெற்கிலிருந்து நல்ல சோழகக் காற்று. எஞ்சினை அணைத்ததும் படகின் வயிற்றில் தண்ணீர் உரசும் சத்தம் மட்டும்தான். கொழும்புக்குத் தோணி ஓட்டிய கதையில் நீங்கள் சொல்வீர்களே, அதே சத்தம்.

நோர்ஃபெவு முனையைச் சுற்றி வந்தால் கடகேஸ் என்ற கடற்கரை ஊர். மலைமடியில் வெள்ளை வீடுகள், உச்சியில் சாந்தா மரியா கோயில். நம் பனிமய மாதாவைப் போல அதுவும் மாதா கோயில்தான். அம்மா பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். தரைவழி வந்தால் மலையேறி வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அந்தக் காலத்தில் இவர்களுக்குக் கடல்தான் ரோடு. கடலடியில் பவளம் எடுக்க மூழ்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். சங்கு குளித்த தாத்தாவை நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் குடாவான போர்ட்லிகாட்டில், 1930-ல் ஒரு மீனவர் குடிசையை வாங்கி ஓவியர் டாலி குடியேறினாராம். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

இங்கே கடற்புல் மேல் நங்கூரம் போடக்கூடாது, மிதவையில்தான் கட்ட வேண்டும். புல் போனால் மீன் போகும் என்று நீங்கள் சொல்வதுதான் இங்கே சட்டம்.

அப்புறம்தான் விஷயம். ஒரு ராத்திரி தங்கப் போனவர்கள் மூன்று ராத்திரி மாட்டிக்கொண்டோம். வடக்கே பிரனீஸ் மலைப் பக்கமிருந்து வாடைக் காற்று இறங்கியது. இங்கே அதற்கு த்ரமுந்தானா என்று பெயர். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, ஆனால் காற்று பாய்மரத்தில் ஊளையிடுகிறது. இருட்டும்முன் கயிற்றைப் பார் என்பீர்களே, பார்த்தேன். மிதவைக் கயிறு படகின் முன்பக்கம், அணியத்து விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. நீங்கள் சாக்கு சுற்றுவீர்கள், என்னிடம் பழைய ஜீன்ஸ்தான் இருந்தது. அதைக் கிழித்து மூன்று சுற்று சுற்றிக் கட்டினேன். காலையில் பார்த்தால் ஜீன்ஸ் இரண்டு சுற்று அறுந்து நூல்நூலாகத் தொங்குகிறது, கயிற்றில் ஒரு இழை கூடப் போகவில்லை. படகுக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். எங்கப்பா என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது அப்பா.

காற்று அடங்கும்வரை கரையில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்திருந்தேன். லியகுட் என்கிற மரப்படகு வைத்திருக்கிறார். நம் கட்டுமரத்தில் போலவே முக்கோணப் பாய். தக்காளி தேய்த்த ரொட்டியில் உப்பில் ஊறிய நெத்திலியை வைத்துக் கொடுத்தார். நம் கருவாடு மாதிரி காய்ந்தது இல்லை, நாக்கில் கரைகிறது.

உங்கள் தோணிக்கு எத்தனை பாய், எந்தப் பாயை முதலில் இறக்குவீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் அவரைப் பார்க்கப் போகிறேன். ஒரு தாளில் தோணியை வரைந்து, ஒவ்வொரு பாய்க்கும் கயிற்றுக்கும் பெயர் எழுதி அனுப்புங்கள். தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டாம். உங்கள் கையால் எழுதிய தாளே வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்